ஒன்றை அழுத்தாதவர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், பிசாசு, சகுனம், ராகுகாலம் எதிலும் நம்பிக்கை கிடையாது. பூனை குறுக்கே போனால் பூனைக்கு அந்தப் பக்கம் ஏதோ வேலை இருக்கிறது என்று நினைக்கிற ஆள் நான். என் கல்யாணத்தில் நல்ல நேரம் முடிந்த பிறகுதான் தாலி கட்டினார்கள் என்று மாமியார் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார், பதினான்கு வருஷமாக ஒரு குறையும் இல்லாமல்தான் இருக்கிறோம். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். நடுராத்திரி, சுடுகாடு, வெள்ளைப் புடவை எதுவும் இதில் வராது. எல்லாம் பட்டப்பகலில், டியூப் லைட்டுக்குக் கீழே, ஒரு பல்லியால் வந்த வினை.

என் தொழில் போன் சிஸ்டம் அமைத்துக் கொடுப்பது. ஒரு கம்பெனிக்குப் போன் செய்தால் ஒரு பெண் குரல் "இதற்கு ஒன்றை அழுத்தவும், அதற்கு இரண்டை அழுத்தவும்" என்று பாடம் ஒப்பிக்குமே, நீங்கள் எல்லாரும் திட்டுவீர்களே, அதன் பெயர் ஐ.வி.ஆர். எந்த அழைப்பு எந்தக் குரலுக்குப் போக வேண்டும், எந்த எண்ணை அழுத்தினால் எந்த ஆள் எடுக்க வேண்டும் என்று வழி போட்டுக் கொடுப்பவள் நான். சேலத்தில் வீடு, வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே பஸ்.

போன வருஷம் திருச்செங்கோட்டில் ஒரு போர்வெல் கம்பெனியில் வேலை கிடைத்தது. முதலாளி ராசப்பன் அண்ணன். துளை போடுகிற ரிக் வண்டி ஏழு வைத்திருக்கிறார். அவருடைய பிரச்சினை வேறு எந்த ஊரிலும் நான் கேள்விப்படாத பிரச்சினை. தோட்டக்காரர் போன் செய்து, இடம் குறித்து, தேதியும் சொல்லிவிடுவார். வண்டி விடியற்காலையில் கிளம்பி ஐம்பது அறுபது கிலோமீட்டர் உருண்டு தோட்டத்துக்குப் போய் நின்றால், "இன்னைக்கு வேண்டாமுங்க, மனசு ஒப்பலை" என்பார். வண்டி அப்படியே திரும்ப வேண்டும். அதனால் ராசப்பன் அண்ணன் ஒரு யோசனை சொன்னார். தேதிக்கு முந்தின நாளுக்குள் தோட்டக்காரரே அவருடைய போனிலிருந்து கூப்பிட வேண்டும். சிஸ்டம் அவர் எண்ணைப் பார்த்து அடையாளம் கண்டு, "வண்டி உங்கள் தோட்டத்துக்குப் புறப்பட எண் ஒன்றை அழுத்தவும்" என்று சொல்லும். அழுத்தினால்தான் வண்டி கிளம்பும்.

நல்ல யோசனைதான். மேல்மாடியில் ஒரு அறை, தகரக் கூரை, நாலு மேஜை, நாலு பெண்கள். அவர்களில் மூத்தவள் லோகேஸ்வரி, லோகு என்று கூப்பிடுவோம். குமாரபாளையத்துப் பெண், தறிச் சத்தத்தில் வளர்ந்ததாலோ என்னவோ, எழுத்து எழுத்தாகத் தெளிவாகப் பேசுவாள். அவள் குரலிலேயே எல்லாவற்றையும் அந்த அறையில் வைத்துப் பதிவு செய்தோம். முதல் வாரம் சிஸ்டம் அருமையாக ஓடியது. கூப்பிட்டார்கள், ஒன்றை அழுத்தினார்கள், வண்டி போனது.

இரண்டாவது வாரம் என் கை சும்மா இருக்கவில்லை. லோகுவின் பதிவை மறுபடி கேட்டபோது "ஒன்றை அழுத்தவும்" என்று முடிந்ததும் பின்னால் டிக்டிக்டிக் என்று ஒரு சத்தம். சுவரில் இருந்த பல்லி. சுத்தமான வேலை செய்கிறவள் அல்லவா நான், சத்தத்தை வெட்டி எடுத்துவிட்டு ஃபைலை மாற்றி ஏற்றினேன்.

மூன்றாவது வாரம் எல்லாம் படுத்துவிட்டது. கூப்பிடுகிறார்கள், லோகுவின் குரலை முழுசாகக் கேட்கிறார்கள், ஒன்றும் அழுத்துவதில்லை, சிஸ்டம் மறுபடி சொல்கிறது, மறுபடி கேட்கிறார்கள், வைத்துவிடுகிறார்கள். இப்படிப் பாதியில் போவதை நாங்கள் டிராப் என்போம். டிராப் லிஸ்ட் பக்கம் பக்கமாக நீண்டது. வண்டிகள் ஷெட்டில் நின்றன. நான் லைனைச் சோதித்தேன், சர்வரைச் சோதித்தேன், ஒன்றாம் எண் வேலை செய்கிறதா என்று என் போனில் அழுத்தி அழுத்தி விரல் தேய்ந்ததுதான் மிச்சம்.

ராசப்பன் அண்ணன் கத்துகிற ஆள் இல்லை, அதுதான் இன்னும் கஷ்டம். மெதுவாகச் சொன்னார்.

"அம்மணி, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள்ள இது சரியாகலைன்னா கழட்டிருவோமுங்க. பழையபடி நானே போன் பேசிக்கறேன். இந்தப் புள்ளைங்களுக்கும் வேற எடம் பாத்துக்கச் சொல்லிர்றேன்."

நாலு பெண்களும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கேட்காத மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். லோகுவுக்கு அந்தச் சம்பளம்தான் வீடு. நான் செய்த வேலை ஊற்றிக்கொண்டால் எனக்கு இன்னொரு ஊர் இருக்கிறது, அவளுக்கு மறுபடி தறிதான்.

சரி, காரணத்தை அவர்களிடமே கேட்போம் என்று டிராப் லிஸ்டில் இருந்த முதல் எண்ணை நானே கூப்பிட்டேன். மல்லசமுத்திரத்துப் பக்கம் ஒரு அம்மா.

"ஏங்க, இவ்வளவு நேரம் கேட்டுட்டு ஏன் அழுத்தாம வெச்சுட்டீங்க?"

"கெவுளி சொல்லலீங்க அம்மணி."

"எது சொல்லலை?"

"கெவுளிங்க. செவுத்துல இருக்குமே. எங்க கொழுந்தனாரு கூப்பிட்டப்பச் சொல்லுச்சாமுங்க, போட்டாரு, தண்ணி வந்துருச்சு. எனக்கு ரெண்டு நாளாச் சொல்ல மாட்டீங்குது."

அடுத்த எண்ணும் அதே கதை. அதற்கடுத்த எண்ணும் அதே கதை. பல்லியைத்தான் அந்தப் பக்கம் கெவுளி என்கிறார்கள். நல்ல காரியத்தைப் பேசி முடிக்கும்போது பல்லி சத்தம் கொடுத்தால் சாமி உத்தரவு கொடுத்த மாதிரி, சத்தம் வரவில்லையென்றால் பொறுத்துத்தான் ஆக வேண்டும். கோயிலில் மணிக்கணக்காக உட்கார்ந்து பல்லி சொல்வதற்குக் காத்திருப்பவர்களை எனக்கே தெரியும். ஆனால் என் ஐ.வி.ஆரில் வந்து உட்கார்ந்து காத்திருப்பார்கள் என்று நான் கனவா கண்டேன்?

விஷயத்தைச் சொன்னதும் ராசப்பன் அண்ணன் சிரிக்கக்கூட இல்லை. "அதைய ஏனுங்க எடுத்தீங்க? திருப்பி வெச்சுருங்க" என்றார், ஏதோ நான் சாமி படத்தைக் கழற்றிக் கீழே வைத்த மாதிரி.

திருப்பி வைக்கப் பழைய ஃபைல் எங்கே? அழித்துவிட்டேன். இணையத்தில் தேடி ஒரு பல்லிச் சத்தத்தை எடுத்து ஒட்டினேன். மறுநாள் காலையில் மூன்று புகார். "இது நம்ம பக்கத்துக் கெவுளி இல்லீங்களே" என்கிறார் ஒருவர். தலையில் அடித்துக்கொண்டேன். சரி, அறையில் இருக்கிற பல்லியையே பதிவு செய்யலாம் என்று மைக்கை நீட்டிக்கொண்டு ஸ்டூலில் ஏறி நின்றேன், பட்டதாரி, பதினைந்து வருஷ அனுபவம், பல்லிக்கு முன்னால் மைக். அது என்னைப் பார்த்தது, வாயைத் திறக்கவில்லை. கடைசியில் லோகுதான் முதல் நாள் பதிவு செய்ததைத் தன் அம்மாவுக்குப் போட்டுக் காட்ட வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்திருந்தது ஞாபகம் வந்து எடுத்துக் கொடுத்தாள். டிக்டிக்டிக் இருந்தது. ஏற்றினேன்.

அன்று மதியத்திலிருந்தே ஒன்றாம் எண் விழ ஆரம்பித்தது. டிராப் லிஸ்ட் வடிந்தது. வண்டிகள் கிளம்பின. இது மோசடியா, சேவையா என்று எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது உண்மை. ஆனால் லோகுவின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

எல்லாம் சரியாகி ஒரே ஒரு எண் மட்டும் லிஸ்டில் நின்றது. பழனியப்பன், எருமப்பட்டி பக்கம் தோட்டம். ஏற்கெனவே இரண்டு போர் போட்டு இரண்டிலும் புழுதிதான். தென்னை எல்லாம் காய்ந்துகொண்டு வருகிறது, இது மூன்றாவது, இதோடு சரி என்று லோகுவிடம் சொல்லியிருக்கிறார். தினமும் காலையில் கூப்பிடுவார், முழுதாகக் கேட்பார், வைத்துவிடுவார். மூன்று முறை டிராப் ஆனால் அந்த எண்ணுக்கு நம் பக்கத்திலிருந்து தானாகவே போன் போகும்படி நான் ஒரு வழி போட்டிருந்தேன், அது வேறு விடாமல் அவரை லோகுவிடம் பிடித்துக் கொடுத்தது. புதன்கிழமை நானே பேசினேன்.

"ஐயா, இப்பத்தான் பல்லி சத்தம் வருதுங்களே, எல்லாருக்கும் வருது, உங்களுக்குக் கேக்கலையா?"

"எனக்குச் சொல்லலீங்க சாமி."

"போனை ஸ்பீக்கர்ல போட்டுப் பாருங்க."

"போட்டுத்தான் கேட்டேனுங்க. காதெல்லாம் நல்லாத்தான் இருக்குது. அதுவா சொல்றப்பச் சொல்லட்டும், எனக்கென்ன அவசரம்."

அவருக்கு அவசரம் இல்லை, எனக்கு இருந்தது. வெள்ளிக்கிழமை லிஸ்டைக் காட்ட வேண்டும், அதில் ஒரு பெயர்கூட இருக்கக் கூடாது என்பது என் வீம்பு. வயசானவர், காது மந்தம், மெல்லிய சத்தம் விழாது, இதற்காக மரங்களைக் காய விடுவாரா என்று ஆத்திரமாக வந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் நான் ஒரு காரியம் செய்தேன். சிஸ்டத்துக்குள் போய் அவர் எண்ணுக்கு நேராக நானே ஒன்றைப் போட்டுவிட்டேன். அவர் அழுத்தின மாதிரி. வெள்ளிக்கிழமை காலை வண்டி என்று தானாகப் பதிவானது. வாசலில் வண்டி வந்து நின்றால் வேண்டாம் என்பாரா, தண்ணீர் வந்தால் என்னை வாழ்த்துவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அறைக்குள் நுழைந்தேன். வண்டி ஆறு மணிக்கே கிளம்பிவிட்டது என்றாள் லோகு. பதினொரு மணிக்கு முதலாளி வருவார், அவருக்குப் போட்டுக்காட்ட நாலைந்து அழைப்புகளின் பதிவை எடுத்து வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். எங்கள் சிஸ்டத்தில் ஒவ்வொரு அழைப்பும் முதலிலிருந்து கடைசி வரை பதிவாகும், நம் குரல், அவர்கள் மூச்சு, எல்லாம். காது மந்தமான ஒருவருக்காக எவ்வளவு பாடுபட்டேன் என்று காட்ட ஆசைப்பட்டு, பழனியப்பனுடைய பதிவையும் திறந்தேன்.

லோகுவின் குரல். "எண் ஒன்றை அழுத்தவும்." அப்புறம் அமைதி. அப்புறம் அவர் மூச்சு விடுகிறார். பல்லி இல்லை.

சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டேன். இல்லை. அவர் மறுநாள் கூப்பிட்டதைக் கேட்டேன். இல்லை. பழைய ஃபைலை ஏற்றியதற்கு அப்புறம் அவர் கூப்பிட்டது மொத்தம் ஐந்து தடவை, ஐந்திலும் இல்லை. அவருக்கு ஒரு நிமிஷம் முன்னால் கூப்பிட்டவருடைய பதிவில் இருக்கிறது, ஒரு நிமிஷம் பின்னால் கூப்பிட்டவருடையதில் இருக்கிறது. நம்பினால் நம்புங்கள், நான் அப்போதும் பயப்படவில்லை, என் தப்பு என்றுதான் நினைத்தேன். எங்களுக்கு இரண்டு லைன், ஒன்று அடைத்துக்கொண்டால் இன்னொன்றுக்குப் போகும். ஒரு லைனில் வெட்டிய ஃபைல் தங்கியிருக்கும், அவர் அதில் மாட்டியிருப்பார் என்று பார்த்தேன். இரண்டிலும் ஒரே ஃபைல். அவர் இரண்டு லைனிலும் வந்திருக்கிறார். அந்தச் சிஸ்டத்தில் இருந்தது ஒரே ஒரு குரல், ஒரே ஒரு பல்லி, அதை எல்லாருக்கும் போட்டது, இந்த மனிதருக்கு மட்டும் போடவில்லை. கடைசிப் பதிவில் வைப்பதற்கு முன்னால் மெதுவாக அவர் சொல்வதுகூட விழுந்திருந்தது. "சரி, இன்னைக்கும் இல்லையாட்ட இருக்குது."

லோகுவிடம் ஹெட்செட்டைக் கொடுத்தேன். அவள் ஐந்தையும் கேட்டாள். கேட்டுவிட்டு என்னைப் பார்த்து, "ஏனுங்க மேடம், அப்பறம் அவருக்கு ஒன்னை அழுத்துனது ஆருங்க?" என்றாள்.

உடனே வண்டி டிரைவர் சேகருக்குப் போன் போட்டேன். எடுத்தார். பின்னால் எஞ்சின் சத்தம், யாரோ உரக்கப் பேசுகிற சத்தம். தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தாகிவிட்டது, பழைய கிணற்றுக்குப் பக்கத்தில் குறித்த இடத்துக்கு வண்டியை ரிவர்ஸில் விட்டுக்கொண்டிருக்கிறார், தோட்டக்காரர் குறுக்கே நின்றுகொண்டு, நான் ஒன்னை அழுத்தவே இல்லையே, எப்படி வந்தீங்க என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"சேகர், வண்டியை நிறுத்துங்க. திரும்பி வந்துருங்க."

"ஏனுங்க மேடம்?"

என்ன சொல்வேன் சொல்லுங்கள். சர்வர் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"பல்லி சொல்லலை, சேகர்."

"அப்பச் சரிங்க" என்றார். ஒரு கேள்வி கிடையாது. எந்தப் பல்லி, யாருடைய பல்லி என்று கேட்கவில்லை. என் வாழ்க்கையில் நான் கொடுத்த எந்த டெக்னிக்கல் விளக்கத்தையும் இவ்வளவு சீக்கிரம் யாரும் ஏற்றுக்கொண்டதில்லை.

பதினொரு மணிக்கு ராசப்பன் அண்ணனிடம் நடந்ததை ஒப்புக்கொண்டேன். சும்மா போய் வந்த டீசலுக்காகத் திட்டுவார் என்று பார்த்தேன். "இனிமே ஆருக்கும் நீங்க அழுத்தாதீங்க அம்மணி" என்றார், அவ்வளவுதான். சிஸ்டத்தைக் கழற்றவில்லை. லோகு இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள்.

அடுத்த நாள் ராத்திரி அந்தப் பக்கம் மழை. ஞாயிற்றுக்கிழமை பழனியப்பனுடைய பழைய கிணற்றின் ஒரு பக்கம் சரிந்து உள்ளே போய்விட்டது. அவர் சேகருக்குப் படம் அனுப்பினார், சேகர் எனக்கு அனுப்பினார். படத்தில் ஈர மண்ணில் ரிக் வண்டியின் டயர் தடம் நேராகப் போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது, கிணற்றின் புது விளிம்பில் வந்து நிற்கிறது. அதற்கப்புறம் மண்ணே இல்லை. கெட்டிப் பாறை, துளை போட்டு முடிக்க மூன்று நாள் ஆகியிருக்கும், அன்றைக்குப் போட்டுக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் வண்டியும் சேகரும் இன்னும் ஐந்து பேரும் நின்றிருப்பார்கள்.

மழை பெய்தால் பழைய கிணறு இடியத்தான் செய்யும். அவ்வளவு கனமான வண்டியைப் பக்கத்தில் கொண்டுபோனதால்தான் மண் இளகியது என்று ராசப்பன் அண்ணனே சொன்னார், நானும் அதையே பிடித்துக்கொண்டேன். ஒரு மாசம் கழித்து பழனியப்பன் தோட்டத்தின் மறுகோடியில் இடத்தை மாற்றிக் குறித்தார். கூப்பிட்டார். ஒன்றை அழுத்தினார். தண்ணீர் வந்தது. அந்தப் பதிவை நான் போய்க் கேட்டேன், கேட்காமல் இருக்க முடியவில்லை. டிக்டிக்டிக். அதே ஃபைல்தான், நடுவில் நான் தொடவே இல்லை.

இதற்கெல்லாம் ஏதோ காரணம் இருக்கும், எனக்குத் தெரியாத ஏதோ ஒரு செட்டிங், என்றைக்காவது கண்டுபிடிப்பேன் என்று விட்டுவிட்டேன். சத்தியமாக விட்டுவிட்டேன். இந்த மாசம் வரைக்கும்.

பனமரத்துப்பட்டியில் மாமனார் வீட்டில் தண்ணீர் இல்லை. போர் போடலாம் என்று என் கணவர் முடிவு செய்து, அவரே இடமும் குறித்துவிட்டார், வீட்டுக்குப் பின்னால், மாமியாரும் மாமனாரும் படுக்கிற அறையின் சுவரிலிருந்து எட்டடி தள்ளி. வேறு கம்பெனியே இல்லாத மாதிரி திருச்செங்கோட்டுக்கே போன் செய்து தேதி வாங்கினார். என் எண்ணைக் கொடுத்துவிட்டு, "நீதானே செட் பண்ணினே, நீயே அழுத்திரு" என்றார்.

கூப்பிட்டேன். லோகுவின் குரல் வந்தது. "எண் ஒன்றை அழுத்தவும்." விரலை ஒன்றின் மேலே வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

ஒன்றும் வரவில்லை.

இதுவரை பதினேழு தடவை கூப்பிட்டுவிட்டேன். ஸ்பீக்கரில் போட்டேன், ஹெட்போனில் கேட்டேன், மொட்டை மாடியில் போய்க் கேட்டேன். எங்கள் வீட்டுச் சமையலறையில் பல்லி நாள் பூராவும் கத்திக்கொண்டிருக்கிறது, அந்த லைனில் மட்டும் கத்தவில்லை. கணவரிடம் வண்டி காலியாக இல்லை என்று பொய் சொல்லித் தேதியைத் தள்ளிக்கொண்டே வருகிறேன். அவர் கம்பெனியைத் திட்டுகிறார். மாமியார் தினமும் இரண்டு குடம் தண்ணீர் சுமந்து வருகிறார்.

போன செவ்வாய்க்கிழமை என் போன் அடித்தது, லோகு. மூன்று தடவை டிராப் ஆனால் தானாகப் போன் போகும்படி நான் போட்டேனே ஒரு வழி, அது என்னையே பிடித்துக் கொடுத்துவிட்டது.

"ஏனுங்க மேடம், உங்க நம்பர் லிஸ்ட்டுல வந்துட்டே இருக்குதுங்க. கை தவறிப் பட்டுருச்சுங்களா?"

"ஆமா லோகு, டெஸ்ட் பண்ணேன்" என்றேன்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மேடம், உங்க ரெக்கார்டிங்க எடுத்து நான் ஒருக்காக் கேட்டுப் பாக்கட்டுங்களா?" என்றாள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.